காரில்லாமல், குப்பையில்லாமல் ஊட்டி: சென்னையிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்கு

ஊட்டிக்குத் துணிப்பை எடுத்துப் போகலாமா, மூங்கில் பிரஷ் வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன் எதில் போவது என்பதை முடிவு செய்யுங்கள். இந்தப் பயணத்தின் சுமையில் பெரும்பங்கு அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. நல்ல வேளையாக, சூழலுக்குக் குறைந்த கேடு செய்யும் வழியில்தான் காகித வேலையும் செலவும் குறைவு. ஆனால் டிக்கெட்டில் ஏமாந்துவிட்டால் கடைசி நேரத்தில் காரை எடுக்க வேண்டி வரும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் டிக்கெட், பஸ், நேரம் பற்றித்தான்.

1. முதலில் கணக்கு: எதில் போவது?

சென்னையிலிருந்து ஊட்டி சாலை வழியில் சுமார் 550 கி.மீ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், டீசலுக்கு 2.7 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் கார் போய்வர 73 லிட்டர் குடிக்கும். அது சுமார் 170 கிலோ. நான்கு பேர் போனால் தலைக்கு 42 கிலோ, கணவன் மனைவி இருவர் மட்டும் போனால் 85 கிலோ.

அரசு விரைவுப் பேருந்து லிட்டருக்கு 4.5 கி.மீ. ஓடுகிறது, 40 பேர் ஏறியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், போய்வரத் தலைக்கு 17 கிலோவுக்குள் முடிகிறது. ரயில் இன்னும் குறைவு. சென்னையிலிருந்து மலையடிவாரத்தில் உள்ள மேட்டுப்பாளையம் வரை முழுக்க மின்பாதை.

கோவைக்கு விமானம் பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் மீனம்பாக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய், கோவையில் இறங்கி, அங்கிருந்து மலையேற டாக்சி பிடித்தால் அரை நாள் போய்விடும். இரவு ரயிலில் அந்த நேரத்தைத் தூங்கிக் கழிக்கலாம். குறுகிய தூர விமானத்தில் எரிபொருளின் கணிசமான பங்கு மேலே ஏறுவதற்கே செலவாகிறது. கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் நீண்ட தூர விமானத்தைவிட மோசம்.

2. ரயில் டிக்கெட்: 60 நாள் முன்னால்

உங்களுக்கான வண்டி சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையம் வரை போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671). இரவு 9 மணியை ஒட்டிப் புறப்பட்டு, காலை 6 மணி தாண்டியதும் மேட்டுப்பாளையம் சேரும். ஸ்லீப்பர் ரூ.350-ஐ ஒட்டியும், மூன்றடுக்கு ஏசி ரூ.900-ஐ ஒட்டியும் வரும்.

முன்பதிவு, பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது. சனி ஞாயிறை ஒட்டிய நாட்களுக்கும் பள்ளி விடுமுறைக்கும் அன்றே போட்டுவிடுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது, ரயில் முன்பதிவுத் தளமான ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு. முன்பதிவு திறக்கும் நேரத்தில் அது முடித்த கணக்குகளிலிருந்துதான் டிக்கெட் போட முடியும். தட்கலுக்கு அது கட்டாயம்.

இங்கே நம்மூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். கணக்கில் உள்ள பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருந்து, கணக்கில் அப்பா பெயரை விரித்து எழுதியிருந்தால் சரிபார்ப்பு தோற்கும். ஆதாரோடு இணைத்த மொபைல் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். பழைய நம்பரைத் தொலைத்தவர்கள் முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய் எண்ணை மாற்ற வேண்டும். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான், ஆனால் மாற்றம் பதிவாகச் சில நாள் ஆகலாம். இதையெல்லாம் டிக்கெட் போடும் காலையில் செய்ய முடியாது; இரண்டு வாரம் முன்பே முடித்து வையுங்கள்.

வழியில் உள்ள ஊரில் ஏறுகிறவர்களும் டிக்கெட்டைச் சென்ட்ரலிலிருந்தே போட்டுவிட்டு, ஏறுமிடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புறப்படும் நிலையத்திலிருந்து போட்டால் கிடைக்கும் காத்திருப்பு ஜி.என்.டபிள்யூ.எல். (பொதுக் காத்திருப்புப் பட்டியல்) வகை, அது ஓரளவு நகரும். வழியிலிருந்து போட்டால் பெரும்பாலும் பி.கியூ.டபிள்யூ.எல். (பல ஊர்கள் பகிரும் ஒதுக்கீட்டின் காத்திருப்பு) விழும். அது நகர்வது அரிது.

தட்கல், வண்டி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஆன்லைன் டிக்கெட் கடைசிவரை முழுக்கக் காத்திருப்பிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிப் பணம் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறக்கூடாது. ஆர்.ஏ.சி. இருந்தால் ஏறலாம், உட்கார இடம் உண்டு.

நீலகிரி நிரம்பிவிட்டால் கோவைக்குப் போடுங்கள். இரவில் சேரன், காலையில் கோவை எக்ஸ்பிரஸ், பிற்பகலில் வந்தே பாரத் இருக்கின்றன. கோவையிலிருந்து ஊட்டி பஸ்கள் மேட்டுப்பாளையம் சாலைப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. காந்திபுரத்தில் போய் நின்றுகொண்டு ஊட்டி பஸ்ஸைத் தேடாதீர்கள்.

3. பஸ் என்றால் கிளாம்பாக்கம்

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் (எஸ்.இ.டி.சி.) ஊட்டி பஸ் கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்பும். கோயம்பேடு என்று நினைத்துக்கொண்டு மெட்ரோவில் போய் இறங்குகிறவர்கள் இன்னமும் உண்டு. மெட்ரோ கிளாம்பாக்கம் வரை இல்லை. புறநகர் ரயிலில் தாம்பரம் வந்து அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிப்பது எளிது. வடசென்னையிலிருந்து வருகிறவர்கள் பஸ் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் நிம்மதி. பயணம் 12 மணி நேரத்துக்குக் குறையாது. ரயில் கிடைக்காதபோது மட்டும் இதை எடுங்கள்.

4. இ-பாஸ்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு இது வேண்டாம். மலைமேல் வரை இவற்றிலேயே போகிறவர் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

இடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அல்லது கோவையில் இறங்கி வாடகைக் கார் எடுத்தால் அந்தக் காருக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவெண் (டிஎன் 43) உள்ள வண்டிக்கு விலக்கு உண்டு. வண்டி பேசும்போதே பாஸ் யார் எடுப்பது என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கல்லாறு சோதனைச்சாவடியில் ஓரமாக நின்று மொபைலில் விண்ணப்பிக்க வேண்டி வரும்.

பாஸ் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி. வண்டி எண், வண்டி வகை, எரிபொருள், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் தேதிகள், தங்குமிடம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் க்யூ.ஆர். கோடு வந்துவிடும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். அப்படி வரம்பு இருக்கும் மாதங்களில் ஓட்டல் அறைக்குப் பணம் கட்டுமுன் பாஸ் எடுப்பதுதான் சரியான வரிசை.

5. அறை பிடிக்கும்போது

ஊட்டிப் பேருந்து நிலையத்துக்கும் ஊர் நடுவே உள்ள சேரிங் கிராஸ் சந்திப்புக்கும் இடையில் பிடியுங்கள். ஊருக்கு வெளியே எஸ்டேட் நடுவில் இருக்கும் 'இயற்கைத் தங்குமிடம்' படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் ஜீப் பிடித்து ஊருக்குள் வரவேண்டியிருந்தால், ரயிலில் வந்து மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

பதிவு செய்யுமுன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். பாட்டிலில் நிரப்பக் குடிநீர் உண்டா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் பொது பாய்லரில் வெந்நீர் கொடுக்கும் லாட்ஜைக் குறையாக நினைக்காதீர்கள். அறைக்கு அறை கீசர் நாள் முழுக்க ஓடுவதைவிட அது மேல். ரூம் ஹீட்டருக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட். சென்னையிலிருந்து போகிறவர்கள் ஸ்வெட்டர் ஒன்று போதும் என்று கிளம்பி, இரவில் ஹீட்டருக்கு அழுவது வழக்கம். உள்ளே போட ஒரு தெர்மல், கம்பளிக் குல்லா, இரண்டு ஜோடி காலுறை எடுத்துக்கொண்டால் அது தேவைப்படாது. பெரியவர்கள் அனைவருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும்.

6. பையில் என்ன

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில், கேரி பேக் எல்லாம் தடை. கல்லாற்றிலும் கோத்தகிரி வழியில் குஞ்சப்பனையிலும் சோதிப்பார்கள். பஸ்ஸில் வருகிறவர்களின் பையையும் பார்ப்பதுண்டு. பிடிபட்டால் பாட்டில் போகும், அபராதமும் விழலாம். ரயிலில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை மறந்து பையிலேயே வைத்திருப்பதுதான் பலரையும் மாட்டிவிடுகிறது.

ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில், ஒரு டம்ளர், குடும்பத்துக்கு இரண்டு மஞ்சப்பை, மூடி இறுகும் இரண்டு டிபன் டப்பா, ஒரு சிறிய துண்டு. டம்ளரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குளிருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து டீ குடிப்போம். ஒவ்வொன்றும் ஒரு பேப்பர் கப். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை, ஆனாலும் சாலையோரக் கடைகளில் புழங்குகிறது. டம்ளரை நீட்டினால் டீ மாஸ்டர் ஒன்றும் சொல்லமாட்டார், கொஞ்சம் கூடவே ஊற்றுவார்.

ரயில் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஃபாயில் தட்டு, சாஷே, பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றும் சேராது. இட்லிக்கு இருபுறமும் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் அடுக்குங்கள். மறுநாள் காலை வரை தாங்கும். புளியோதரையும் அப்படித்தான்: சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து நீர் கோர்த்து, விடிவதற்குள் ஊசிப்போகும். தயிர்சாதமும் தேங்காய்ச் சட்னியும் ராத்திரி சாப்பாட்டோடு முடித்துவிடும்படி இருந்தால் எடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் டயபர் பற்றி யோசித்தாக வேண்டும். ஊட்டி நகரின் குப்பை தீட்டுக்கல் கிடங்குக்குத்தான் போகிறது. டயபரும் நாப்கினும் அங்கே மக்கப் போவதில்லை. பகலில் துணி நாப்கின், இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் டயபர் என்று வைத்தால் எண்ணிக்கை கால்வாசியாகும். பயன்படுத்தியதைச் செய்தித்தாளில் சுற்றி அறையின் குப்பைத் தொட்டியில் தனியாக வையுங்கள். கழிப்பறையில் போட்டால் மலையூர் செப்டிக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

7. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே

ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் நடந்து போகும் தூரம். ஊட்டிக்கு அரசு பஸ்கள் அடிக்கடி இருக்கின்றன. கட்டணம் நூறு ரூபாய்க்குள், நேரம் சாதாரண நாளில் இரண்டிலிருந்து இரண்டரை மணி. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன்பாதியில் ஜன்னலோரம் உட்காருங்கள். இட்லியை ஏறுவதற்கு முன் முடிக்காமல் ஊட்டியில் இறங்கிச் சாப்பிடுங்கள்.

மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பும். நீலகிரி எக்ஸ்பிரஸ் அதோடு இணையும்படிதான் வருகிறது. இருக்கைகள் குறைவு, திறந்த அன்றே தீரும். முன்பதிவுத் தளத்தில் நிலையத்தின் பெயர் உதகமண்டலம். ஐந்து மணி நேரம், 46 கி.மீ. இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அழகுக்காக ஏறுங்கள், பசுமைக்காக அல்ல. குன்னூர் வரை ஏறுவது எண்ணெய் எரிக்கும் நீராவி இன்ஜின், அதற்கு மேல் டீசல். நிரம்பிய அரசு பஸ் அதைவிடக் குறைவாகத்தான் எரிக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண்சரிவால் கல்லாறு–குன்னூர் பகுதியில் சேவை நாள் கணக்கில் நிற்பதும் உண்டு. அந்த மாதங்களில் மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பர்லியார் பக்கம் குரங்குகள் நிற்கும். தின்பண்டம் கொடுப்பது குற்றம். அதைப் பழக்கிவிட்டதால்தான் அவை சாலையில் காத்திருந்து வண்டியில் அடிபடுகின்றன.

8. ஊரைச் சுற்ற

ஏரி, தாவரவியல் பூங்கா இரண்டும் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பூங்கா இரண்டு கி.மீ. சுமார். குன்னூர், கோத்தகிரி, கூடலூருக்கு அரசு பஸ் உண்டு. தொட்டபெட்டாவுக்குக் கோத்தகிரி பஸ்ஸில் ஏறி ஜங்ஷனில் இறங்கினால் மிச்சம் மேடேறும் நடை. கோடை சீசனில் சுற்றுலா இடங்களைச் சுற்றும் சர்க்குலர் பஸ் விடுவார்கள். பேருந்து நிலையத்தில் கேளுங்கள்.

மாவட்டம் முழுக்கத் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள், ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு லிட்டர். ஏழெட்டு ஐந்து ரூபாய் நாணயங்களைச் சென்னையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே சில்லறை கிடைக்காது. எல்லா இயந்திரமும் எப்போதும் ஓடுவதில்லை என்பதால் காலையில் அறையிலேயே பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புவது நல்லது. டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்குவார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அது கிடைக்கும். ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். உடைந்த பாட்டில் காட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது.

9. காட்டுக்குள் நடக்க

உள்ளூர்க்காரர் ஒருவர் "நான் கூட்டிட்டுப் போறேன் சார், பர்மிஷன் எல்லாம் வேணாம்" என்றால் போகாதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைந்தால் வழக்கு உங்கள் மேலும் விழும். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். கெய்ர்ன் ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை போன்ற எளிய தடங்கள் முதல்முறை போகிறவர்களுக்குப் பொருந்தும். காட்டுத்தீ அபாயத்தால் 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தடங்களை மூடிவைத்தார்கள். அந்த மாதங்களில் ரயில் டிக்கெட் போடுமுன் தடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

10. காரில்தான் போயாக வேண்டும் என்றால்

முதியவர், நடக்க முடியாதவர் இருந்தால் கார் தவிர்க்க முடியாது. அப்படியானால் இருக்கையெல்லாம் நிரப்பிக்கொண்டு போங்கள். இ-பாஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நான்கும் காலாவதியாகாமல் இருக்கட்டும். டயர் காற்றைக் கிளம்பும் அன்று காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது அளவிடுங்கள். காற்று குறைந்தால் எரிபொருள் கூடும்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் விடாதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கினால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும், ஆக மிச்சமும் அதில்தான். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக்கூடாது. பேட்டரி நிரம்பியிருந்தால் பிரேக்கிலிருந்து வரும் மின்சாரத்தைச் சேமிக்க இடமிருக்காது. 80 சதவீதத்தோடு கிளம்பினால் மேட்டுப்பாளையம் வரும்போது அளவு ஏறியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

11. திரும்பும் நாள்

திரும்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் (12672) மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு 9 மணியை ஒட்டிக் கிளம்பும். வார நாளில் மாலை 5 மணி பஸ் போதும். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் 3 மணிக்கே ஏறிவிடுங்கள். குன்னூர் தாண்டுவதற்குள்ளேயே ஒரு மணி நேரம் போகும் நாட்கள் உண்டு. பஸ்ஸைத் தவறவிட்டு, டாக்சிக்கு அவர்கள் கேட்டதைக் கொடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களை மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கலாம்.

டீத்தூள், வர்க்கி, சாக்லேட் வாங்கும்போது மஞ்சப்பையை முதலிலேயே கவுன்டரில் வையுங்கள். பில் போட்ட பிறகு நீட்டினால் அதற்குள் வேறு பையில் கட்டியிருப்பார்கள். வர்க்கி நொறுங்கும் என்பதால் காலியான டிபன் டப்பாவில் வாங்கிக்கொள்வது வசதி. பிஸ்கட் உறை, சாக்லேட் தாள் போன்ற மக்காத குப்பையை ஒரு உறையில் சேர்த்துச் சென்னைக்கே கொண்டுவந்து, உலர் குப்பையாக மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். வண்டி சென்ட்ரல் வரும் நேரத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கியிருக்கும். சுரங்கப்பாதை வழியாக நேரே இறங்கிவிடலாம், வெளியே ஆட்டோ பேரம் வேண்டியதில்லை.